பார்த்ததாகச் சொன்ன பூ

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். நான் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில், "இனிமே எதுக்கு?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டதைக் காதில் வாங்காமல், பகுதிநேர ஆராய்ச்சியில் சேர்ந்தேன். எடுத்துக்கொண்டது கொட்டைக்கரந்தை. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிதான், ஆனால் சூரியகாந்தியின் பகட்டெல்லாம் கிடையாது. சாண் உயரம். ஏரி வற்றியதும் ஈர மண்ணில் படரும். கோலிக்குண்டு அளவுக்கு ஊதா உருண்டையாகப் பூக்கும். இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், அந்த வாசனை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

இதில் வெள்ளையாகப் பூப்பதும் உண்டு என்று கேள்வி. அதைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். என் கைடு அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இத நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? ஆனால் அவர் கேட்ட தோரணை, 'நீ எங்கே பார்த்திருக்கப் போகிறாய்' என்பதுபோல் என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். "பாத்தேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

"ரொம்ப நல்லது. அப்ப வேர், இலை, பூவோட ஒரு மாதிரி கொண்டாந்து குடுங்க. திங்கக்கிழமை ஆய்வேடு உள்ள போகணும். இதுக்கு மேல தவணை கெடையாது, உங்களுக்கே தெரியும்."

ஏழு வருச உழைப்பு. வெள்ளைக் கரந்தை கிடைக்காவிட்டால் ஆய்வேடும் போச்சு, மானமும் போச்சு. கையில் இருந்த ஒரே துப்பு, ஒரு கல்லூரி அலமாரியில் நான் பார்த்த பழைய தாள். அதில் ஒட்டியிருந்த செடியைப் பூச்சி அரித்து நாலு குச்சிதான் மிச்சம். லேபிள் மட்டும் பிழைத்திருந்தது: 'பூ வெள்ளை. பொம்மிடிக்கு அருகே ஏரி.' கூடவே அந்த ஊர்ப் பெயர். எழுதியவர் யாரோ, இருக்கிறாரோ இல்லையோ. அந்த இரண்டு வரியை நம்பி நாலு நாள் லீவு போட்டேன்.

புதன்கிழமை காலையில் பொம்மிடியில் இறங்கினேன். தோளில் துணிப்பை, கையில் செடி அமுக்கும் பலகை. இரண்டு ப்ளைவுட் பலகை, நடுவில் பழைய செய்தித்தாள்கள், சுற்றி ஒரு பெல்ட், அவ்வளவுதான். ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தேன். எங்கள் ஊரில் காற்றிலேயே உப்பு இருக்கும், இங்கே டீயில்கூட ஒரு சூடான மண் வாசனை. லேபிளில் இருந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது பார்வையிலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டேன்.

"அந்தப் பலகையில என்னான்னு பேசிக்கறாங்க. ஒருத்தங்க சப்பாத்தி தேய்க்கறதுங்கறாங்க. இன்னொருத்தங்க, ஜோசியம் பாக்கற அம்மாவா இருக்கும்ங்கறாங்க" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். இறங்கும்போது ஒருத்தி கையை நீட்டியே விட்டாள்.

ஏரிக்கரையில் ஏறியதும் என் சிரிப்பு நின்றது. ஏரி வற்றியிருந்தது, நான் எதிர்பார்த்தபடியே. ஆனால் கரையோரம் முழுக்க மொட்டை. செடியைப் பிடுங்கிய குழிகள்தான் கண்ணுக்கெட்டிய மட்டும். பத்துப் பதினைந்து பெண்கள், எல்லார் நெற்றியிலும் சாம்பல் சிலுவை, கரந்தையை வேரோடு பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாம்பல் புதன், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள். கோயிலில் சாம்பல் பூசிய கையோடு நேரே ஏரிக்கு வந்திருக்கிறார்கள்.

"யாரு உங்கள இதப் பறிக்கச் சொன்னது?" என்று கத்தினேன். வகுப்பில் கத்துகிற அதே குரல்.

ஒரு பெண் நிமிர்ந்தாள். என் வயதுதான் இருக்கும். சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். "யாரு சொல்லணும்ங்க? எங்க ஊரு ஏரி, எங்க வூட்டு ராகி" என்றாள் நிதானமாக. அவள் பெயர் பிலோமினா என்பது பிறகுதான் தெரியும்.

"இதுக்கும் ராகிக்கும் என்ன சம்பந்தம்?"

"ராகி டிரம்முக்குள்ள போடறதுங்க. இந்த வாசத்துக்கு வண்டு வராது. மாசி மாசம் ஏரி காஞ்சா ஊரே வந்து புடுங்கும். ரெண்டு நாள் பாறையில காயப்போட்டு, வேரோட அப்படியே உள்ள போட்டு மூடிடுவோம்."

பாறையில் குவியல் குவியலாகக் கிடந்தது. அன்று பறித்தது ஊதா. முந்தின நாள் பறித்தது நிறம் வெளுத்துப் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு குவியலாகக் கிளறினேன். "இதுல வெள்ளைப் பூ ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"இதுலியா? இல்லீங்க. அல்லாம் ஊதாதான்."

அவ்வளவுதான். இருந்த ஒரு ஏரியையும் வழித்துவிட்டார்கள், அதில் வெள்ளை இல்லவும் இல்லை. "எங்களுக்கு இன்னிக்கு ஒருசந்தி நோம்பு, உங்களுக்கென்னங்க, வூட்ல களி இருக்கு, சாப்ட்டுப் போங்க" என்று அவள் கூப்பிட்டாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் பதில்கூடச் சொல்லாமல் விறுவிறுவென்று கரையை விட்டு இறங்கினேன். கூப்பிட்ட வாய்க்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

தருமபுரிக்குப் போய் லாட்ஜில் பையை வைத்தேன். தோற்றுத் திரும்புகிற எண்ணமே இல்லை. இன்னும் மூன்று நாள் இருந்தது. டீக்கடை, பேருந்து நிலையம், பழ வண்டி என்று பார்த்தவரிடமெல்லாம் கேட்டேன்: சின்னச் செடி, வெள்ளைப் பூ, பார்த்ததுண்டா? டீக்கடைக்காரர் கண்ணை மூடி யோசித்து, "வத்தல்மலையில நெறைய இருக்குதுங்க. எங்க மாமியார் ஊரு. மேல போனா வெள்ள வெளேர்னு கெடக்கும்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். மலைக்குப் போகிற வண்டி ஒரு வளைவில் முக்கியது, அடுத்த வளைவில் முனகியது, அதற்கடுத்ததில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றேவிட்டது. டிரைவர் இறங்கி டயருக்குக் கல் வைத்தார். "நடந்தா முக்கா மணி நேரம், காத்திருந்தா எவ்ளோ நேரம்னு சொல்ல முடியாது" என்றார். பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் ஊர் தரை தட்டையானது, கடல் வரைக்கும் மூச்சு வாங்காமல் சைக்கிள் மிதிக்கலாம். மூன்றாவது வளைவிலேயே முட்டி பேச ஆரம்பித்தது.

மேலே சாமைக் கொல்லை அறுத்துக் கிடந்தது. மாதையன் என்ற விவசாயி வரப்பில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வந்து கொல்லை ஓரத்தைக் காட்டினார். சின்னச் செடி, வெள்ளைப் பூ, டீக்கடைக்காரர் சொன்னது சொன்னபடி வெள்ளை வெளேர் என்று கிடந்தது. மூக்குத்திப் பூ. என் பள்ளிக்கூட வாசலில், நான் தினமும் மிதித்துக்கொண்டு போகிற அதே மூக்குத்திப் பூ! இதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான். அந்தக் கோபத்திலும் அது ஞாபகம் வந்தது.

"இது இல்லைங்க. கரந்தை. உருண்டையா பூக்கும். ஏரியில..." என்றேன்.

"ஏரிச் செடியத் தேடிக்கிட்டா மலையேறி வந்தீங்க?" மாதையன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி நின்னு காஞ்ச மண்ணுல மொளைக்கறதுங்க அது. மேல தண்ணி நிக்காது, ஓடிடும். நான் அஞ்சாவதுங்க, எனக்கே தெரியுது. நீங்க என்னா வேலைங்க பாக்கறீங்க?"

தாவரவியல் டீச்சர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சும்மா... ஸ்கூல்ல" என்றேன். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆத்திரம் வந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. மாதையன் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். நேற்று மறுத்த களிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கியது அன்றைக்குத்தான்.

இறங்குகிற வழியில் போன் வந்தது. வீட்டுக்காரர். "என்னட்டி, கெடச்சுதா?"

"கெடைக்கும்."

"கெடைக்கலைன்னா பேசாம வந்துரு. அந்த மனுசன்ட்ட உண்மையச் சொல்லிரு. சவம், ஒரு பூவுக்காகவா இப்படி அலையுத?"

"பூவுக்காக இல்ல. கெடச்சாதான் வருவேன்" என்று வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

வெள்ளிக்கிழமை இண்டூர்ப் பக்கம் ஏரி ஏரியாக நடந்தேன். ஒன்றில் இன்னும் தண்ணீர். ஒன்றில் மாடு மேய்ந்து தரை வழுக்கை. மூன்றாவதில் இடுப்பளவுக்குப் பார்த்தீனியம், அதுவும் நம் சூரியகாந்திக் குடும்பத்து உருப்படிதான். எந்தக் குடும்பத்திலும் ஒருத்தர் இப்படி வந்து வாய்த்துவிடுகிறார். அதற்குள் புகுந்து, தும்மித் தும்மி, கடைசியில் ஒரே ஒரு கரந்தையைக் கண்டேன். ஊதா. இருக்கட்டும் என்று எடுத்துத் தாளுக்குள் வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பலகையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "பேப்பர் ஒரு நிமிசம், பாத்துட்டுத் தரேன்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் பெல்ட்டுக்கு இடையில் நீட்டிக்கொண்டிருந்த தாளை உருவிவிட்டார். கரந்தை அவர் வேட்டியில் விழுந்து, அங்கிருந்து யாருடைய செருப்புக்கடியிலோ போனது. அவர் பதறிவிட்டார். "அய்யய்யோ, சாமிக்கு வெச்சிருந்த பூவுங்களா?"

"இல்லைங்க, படிக்கிறதுக்கு."

"பூவையா படிக்கறீங்க?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துத் தாளைப் பார்த்து, "இது போன வருசத்துப் பேப்பராச்சே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

செருப்புக்கடியிலிருந்து எடுத்தபோது பூ நசுங்கிப் பழுப்பாகியிருந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஊதாவா, வெள்ளையா, யாராலும் சொல்ல முடியாது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஏரிக்கரைப் பாறையில் காய்ந்தவையும் இதே பழுப்புதானே. பிலோமினாவின் டிரம்முக்குள் போன வருசத்துக் கரந்தை இருக்கும், வேரோடு, பூவோடு, என் பலகையில் காய்வதைவிட நேர்த்தியாகக் காய்ந்து. ஒன்றை வாங்கி ஒட்டி, லேபிளில் 'பூ வெள்ளை' என்று எழுதி, ஒரு பழைய தேதியையும் போட்டுவிட்டால் முடிந்தது கதை. கைடு அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டார்.

இப்படி யோசித்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் யோசித்தேன். சனிக்கிழமை அதற்காகத்தான் மறுபடி அந்த ஊருக்குப் போனேன்.

பிலோமினா வாசலில் டிரம்மைச் சாய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "கோவம் போயிடுச்சுங்களா டீச்சர்?" என்றாள். பலகையைப் பார்த்து அவளே டீச்சர் என்று முடிவு கட்டியிருக்கிறாள். இந்தத் தடவை களி என்றதும் உட்கார்ந்துவிட்டேன். ராகிக் களியும் கீரைக் கடைசலும். முதல் வாயை நான் மென்று தவிப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. "மெல்லாதீங்க, பல்லுல ஒட்டிக்கும். தொட்டு முழுங்குங்க." முழுங்கினேன். நெஞ்சு வழியாக வெதுவெதுவென்று இறங்கியது.

"போன வருசத்துக் கரந்தை ஒண்ணு தருவீங்களா?" என்று கேட்டேன்.

அவள் இன்னொரு டிரம்மைத் திறந்து கையை விட்டாள். ராகிக்குள்ளிருந்து வந்தது முழுச் செடி. வேர், இலை, பூ, ஒன்றும் உதிரவில்லை. பழுப்பு. நான் நினைத்ததைவிடப் பிரமாதம். என் கை அதை வாங்க நீண்டது. டிரம்மின் மேல் சாக்பீஸால் 'மாசி' என்றும் ஒரு வருசமும் எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அது எதுக்கு?"

"ஒரு வருசந்தாங்க இதுக்கு வாசம். அப்பறம் மாத்தணும். அதுக்குத்தான் தேதி." அவள் சிரித்தாள். "ஒருக்கா எனக்கு ஒடம்பு வணங்கல. பழசையே உள்ள வெச்சிட்டு, வெளிய புது வருசம் எழுதிட்டேன். எங்க வூட்டுக்காரர் பாத்துட்டு, மாத்திட்டான்னு நெனச்சிக்கிட்டார். ஆடி மாசம் தொறந்தா ஒரு டிரம்மு ராகியும் மாவுங்க. வூட்டுக்காரர ஏமாத்திட்டேன், வண்ட ஏமாத்த முடியல."

செடியை வாங்கவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: கைடு கேட்டது, நான் பொய் சொன்னது, இதை வெள்ளை என்று ஒட்ட வந்தது, எல்லாம். யாரிடமும் சொல்லாததை, மூன்று நாள் முன்பு நான் கத்திய பெண்ணிடம் சொன்னேன்.

பிலோமினா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க டீச்சர், வெள்ளையப் போயி இதுல தேடுனா? அதுல வாசமே பத்தாதுங்க. அத டிரம்முல போட்டா வண்டு குடும்பத்தோட வந்து குந்திக்கும். வெள்ளைய நாங்க தொடவே மாட்டம். அல்லாத்தையும் புடுங்கிட்டு அத அப்படியே வுட்டுட்டு வந்துருவோம்."

"அன்னிக்குக் கேட்டேனே!"

"பறிச்சதுல இருக்குதான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். ஏரியில இருக்குதான்னு எங்க கேட்டீங்க? சாப்புடக் கூப்ட்டதுக்கே திரும்பிப் பாக்காம போயிட்டீங்க."

கையைக் கழுவினேனா என்று ஞாபகம் இல்லை. இருவரும் கரையேறினோம். நான் புதன்கிழமை நின்றது இந்தப் பக்கம். அவள், "அந்தாண்ட வாங்க, மதகுப் பக்கம்" என்று ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தாள். மண் வெடித்து, வெடிப்புக்குள் இன்னும் ஈரம். சுற்றிலும் பிடுங்கிய குழிகள். அந்த மொட்டைத் தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டுச் செடிகள் தனியாக நின்றன.

வெள்ளை. ஊதா கலக்காத சுத்த வெள்ளை. கிட்டே போனால் உருண்டையின் அடியில் லேசாகப் பச்சை. ஊர் முழுக்கக் கூடி ஊதாவைப் பிடுங்கித் தந்திராவிட்டால், அந்தப் பரப்பில் இந்த ஏழெட்டை நான் ஒரு மாதம் தேடினாலும் கண்டிருக்க மாட்டேன். ஏரியையே அழித்துவிட்டார்கள் என்று யாரைப் பார்த்துக் கத்தினேனோ, அவர்கள்தான் எனக்கு இதைத் தேடி எடுத்து வைத்திருந்தார்கள்.

மண்ணிலேயே மண்டி போட்டேன். அழுகை வந்துவிட்டது. பிலோமினா பதறவில்லை. "மொதல்ல நல்லாப் பாத்துக்கங்க டீச்சர், அப்பறம் புடுங்கலாம்" என்றாள். இலையைக் கசக்கி முகர்ந்தேன். அவள் சொன்னது உண்மை. வாசம் கம்மிதான். என் ஆய்வேட்டின் அந்த ஒரு பக்கத்தில் இது இல்லை. யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஒரு செடியை மட்டும், வேர் அறாமல், அவளுடைய களைக்கொத்தால் தோண்டி எடுத்தோம். தாளை விரித்து, வேரை நீவி, பூவைத் திருப்பி வைத்து, பெல்ட்டை இழுத்துக் கட்டினேன். "தேதி எழுதலீங்களா?" என்றாள் அவள்.

"ஸ்டேஷன்ல எழுதுறேன்."

பொம்மிடி ஸ்டேஷனில் சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து லேபிளை எடுத்தேன். செடியின் பெயர் எழுதினேன். இடம் எழுதினேன். பூ: வெள்ளை. வாசம்: குறைவு. எழுதும்போது அந்தப் பழைய லேபிளை எழுதியவர் நினைவுக்கு வந்தார். முன்பின் தெரியாத ஒருத்தி தன்னுடைய இரண்டு வரியை நம்பி இவ்வளவு தூரம் வருவாள் என்று அவருக்குத் தெரியாது. பார்த்ததை எழுதிவைத்தார், அவ்வளவுதான்.

தேதிக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. இன்றைய தேதியைப் போட்டால், ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தை எழுதிய பிறகுதான் செடியை எடுத்தேன் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். ஒரு மாதம் முன்னால் தள்ளிப் போட்டால் ஒன்றும் தெரியாது. பேனாவை மூடிவிட்டுப் போனை எடுத்தேன்.

"சார், வெள்ளைக் கரந்தை எடுத்துட்டேன்."

"எடுத்தாச்சா? சந்தோசம். முன்னாடி பாத்த அதே எடமா?"

"முன்னாடி பாக்கல சார். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். இன்னிக்குத்தான் பாத்தேன்."

எதிர்த் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போகத் தொடங்கியது. அது முழுதும் போய் முடிகிறவரை போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"லேபிள்ல என்ன தேதி போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் போடல சார்."

"இன்னிக்குத் தேதியப் போடுங்க. போட்டுட்டு, திங்கக்கிழமை காலையில நேரா என் ரூமுக்குக் கொண்டு வாங்க. நானும் அத இதுவரைக்கும் பாத்ததில்ல."